ஓடுகிற காலுக்கு லீவு உண்டா?

2017 ஜனவரி 28. இங்கிலாந்தில் 78 வயதுப் பெரியவர் ஒருவர் வழக்கம்போல் ஓடக் கிளம்பினார். 400 மீட்டர் போனதுமே நெஞ்சு வலித்தது. 800 மீட்டரில் வலி இன்னும் கூடியது. செத்துவிடுவோமோ என்றுகூடத் தோன்றியதாகப் பிறகு சொன்னார். அப்போதும் நிற்கவில்லை. 16 நிமிடம் 34 விநாடியில் ஒரு மைலை முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார். மறுநாள் அவர் ஓடவில்லை. இதில் என்ன செய்தி என்கிறீர்களா? அதற்கு முன்பு அவர் ஓடாமல் இருந்த நாள் 1964 டிசம்பரில் வந்தது!

ரான் ஹில் என்பது அவர் பெயர். 1970இல் பாஸ்டன் மாரத்தானை 2 மணி 10 நிமிடம் 30 விநாடியில் ஓடி ஜெயித்தவர். அதே ஆண்டு எடின்பரோ காமன்வெல்த் போட்டியில் 2:09:28 என்ற நேரத்தில் தங்கம் வாங்கினார். ஜவுளி வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர், ஓட்டக்காரர்களுக்கான உடைகளைத் தன் பெயரிலேயே தயாரித்து விற்றவர். 1964 டிசம்பர் 20 தொடங்கி 52 ஆண்டு 39 நாள், ஒரு நாள் விடாமல் ஓடினார். 1993இல் கார் விபத்தில் மார்பெலும்பு முறிந்தது. ஓட்டம் முறியவில்லை. கால் கட்டைவிரல் எலும்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, கம்பை ஊன்றியபடி ஒரு மைலைத் தட்டுத்தடுமாறிக் கடந்த நாள்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி. அதையெல்லாம் ஓட்டம் என்று ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2021இல், 82 வயதில் காலமானார்.

ஓட்டக் குழுக்களில் இந்தக் கதையை இரண்டு விதமாகச் சொல்வார்கள். “பார்த்தியா, 52 வருஷம் ஒருநாள்கூட லீவு போடல. ரெஸ்ட் டேங்கறதெல்லாம் சோம்பேறிங்க கண்டுபிடிச்சது” என்பது ஒன்று. “பார்த்தியா, கடைசியில நெஞ்சு வலியில கொண்டு போய் விட்டுச்சு” என்பது இன்னொன்று. இரண்டு கட்சியும் ஹில்லின் கணக்கைச் சரியாகப் பார்க்கவில்லை. அவர் தனக்கு வைத்துக்கொண்ட குறைந்தபட்ச அளவு ஒரே ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீட்டர். வாரத்துக்கு 100 மைலுக்கு மேல் ஓடிய மனிதருக்கு ஒரு மைல் என்பது நமக்குத் தெருமுனைக் கடைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்கி வருகிற வேலை. அவரும் ஓய்வெடுத்தார். ஷூவைப் போட்டுக்கொண்டு எடுத்தார், அவ்வளவுதான்.

ஆக, தினமும் ஓடுகிறவருக்கு ஓய்வு நாள் தேவையா என்ற கேள்வியில் முதலில் பார்க்க வேண்டியது எத்தனை நாள் ஓடுகிறார் என்பதை அல்ல. லேசான நாள் எவ்வளவு லேசாக இருக்கிறது, எத்தனை வருடமாக அந்தக் கால்கள் ஓடிப் பழகியிருக்கின்றன, இந்த இரண்டையும்தான்.

போன் சொல்கிறது, கால் ஓடுகிறது

தினசரி ஓட்டத்துக்கு அமெரிக்காவில் சங்கமே இருக்கிறது. ஒரு நாள் விடாமல் குறைந்தது ஒரு மைல் ஓடுபவர்களைப் பட்டியல் போட்டு வைக்கிறார்கள். நம் நாட்டில் ‘100 டேஸ் ஆஃப் ரன்னிங்’ சவால் பிரபலம். நூறு நாளும் ஓட வேண்டும், ஒரு நாளுக்குக் குறைந்தது 2 கிலோமீட்டர். சோம்பேறிகளை எழுப்பி ஓட வைத்ததில் இந்தச் சவாலுக்குப் பெரிய பங்கு உண்டு. ‘நாளைக்குப் போகலாம்’ என்ற ஒற்றை வாக்கியத்தில் பல வருடங்களைத் தொலைத்தவர்களுக்கு ‘இன்னிக்குக் கட்டாயம்’ என்று ஒரு விதி தேவைப்படத்தான் செய்கிறது.

சிக்கல் அறுபதாம் நாளில் வரும். காய்ச்சல் 101 டிகிரி. வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கைக்கடிகாரத்தைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். இரவு பதினொன்றரை மணிக்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் பார்க்கிங்கில், தூண்களுக்கு நடுவே புகுந்து புகுந்து ஒருவர் சுற்றிக்கொண்டிருக்கிறார். வாட்ச்மேன் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார். 1.87... 1.93... 2.00. நின்றாயிற்று. இது உடற்பயிற்சி இல்லை, கணக்குக் காட்டுவது. வைரஸ் காய்ச்சலோடு உடம்பை வருத்துவது சிலருக்கு இதயத் தசையில் அழற்சியைக் கொண்டுவந்துவிடும் என்பதால், காய்ச்சல் நாளில் ஓடவே கூடாது என்பதில் மருத்துவர்களிடையே இரண்டு கருத்து கிடையாது. அந்த 2 கிலோமீட்டரால் யாருக்கும் எந்த லாபமும் இல்லை, செயலிக்குக்கூட.

மூச்சு பழகிவிட்டது, எலும்பு பழகவில்லை

ஓய்வு எதற்கு என்று கேட்டால் ‘தசைக்கு’ என்பார்கள் பெரும்பாலோர். தசை பாவம், சீக்கிரம் தேறிவிடும். தசையில் சேமித்த கிளைகோஜன் ஒரு நீண்ட ஓட்டத்தில் தீர்ந்தாலும், சோறோ இட்லியோ வயிறாரச் சாப்பிட்டால் ஒரு நாளில் பெரும்பாலும் நிரம்பிவிடும். இதயமும் நுரையீரலும் இன்னும் வேகம். புதிதாக ஓடத் தொடங்கிய ஒருவர் நான்கே வாரத்தில், ‘முன்ன மாதிரி மூச்சு வாங்கல சார்’ என்று சொல்லத் தொடங்கிவிடுவார்.

மெதுவாகத் தேறுபவை இரண்டு: தசையை எலும்போடு கட்டிவைக்கும் தசைநாண், அடுத்தது எலும்பு. கடுமையாக ஓடிய பிறகு முதல் 24 முதல் 36 மணி நேரம் வரை தசைநாணில் உருவாகும் கொலாஜனைவிடச் சிதைவது அதிகம். அதன் பிறகுதான் வரவு செலவை மிஞ்சுகிறது. மூன்றாம் நாள் வரைகூட இந்தக் கட்டுமான வேலை தொடரும். தினமும் காலை ஐந்து மணிக்கு ஒரே வேகத்தில், ஒரே தூரம், மூச்சுமுட்ட ஓடுகிறவரின் குதிகால் தசைநாண் நஷ்டத்தில் இருக்கும்போதே அடுத்த செலவுக்குக் கையை நீட்டுகிறது. காலையில் படுக்கையை விட்டு இறங்கும்போது குதிகாலுக்கு மேலே பிடித்து இழுத்து, பத்தடி நடந்ததும் சரியாகிவிடுகிற வலியை அலட்சியம் செய்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எலும்பின் கணக்கு இன்னும் நீளம். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. 5 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐயாயிரம் அடி. எலும்பில் மிக நுண்ணிய சேதங்கள் ஏற்படும். அது நல்லதுதான், அப்படித்தான் எலும்பு வலுவடைகிறது. சேதமான பகுதியை முதலில் ஒருவகைச் செல்கள் கரைத்து அகற்றும். அதற்கே மூன்று வாரம் போல ஆகும். பிறகு வேறு செல்கள் வந்து புது எலும்பைக் கட்டும். அதற்கு மூன்று மாதமோ, அதற்கு மேலோ. கான்கிரீட் போட்ட கையோடு முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்பங்களை உருவிவிட்டு மேலே அடுத்த மாடியை எழுப்ப எந்த மேஸ்திரியும் சம்மதிக்க மாட்டார். புதிதாக ஓடுபவர், பழைய எலும்பு கரைந்து புது எலும்பு இன்னும் இறுகாத அந்த வாரங்களில்தான், மூச்சு பழகிவிட்ட உற்சாகத்தில் தூரத்தை இரட்டிப்பாக்குகிறார்.

இதற்குப் பழைய, ஆனால் இன்னும் மதிப்பிழக்காத சோதனை ஒன்று உண்டு. 1977இல் அமெரிக்க உடற்பயிற்சி ஆய்வாளர் மைக்கேல் பொல்லாக்கும் அவருடைய குழுவினரும் 20 முதல் 35 வயது வரையுள்ள, ஓடிப் பழக்கமில்லாத ஆண்களை வைத்துச் செய்தது. அரை மணி நேர ஓட்டம்தான். வாரத்துக்கு ஒரு நாள் ஓடியவர்களில் ஒருவருக்கும் அடிபடவில்லை. மூன்று நாள் ஓடியவர்களில் 12 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு காயம். ஐந்து நாள் ஓடியவர்களில் 39 சதவீதம்! ஓடும் நேரத்தை மாற்றிப் பார்த்ததிலும் இதே கதை: 15 நிமிடக்காரர்களில் 22 சதவீதம், அரை மணிக்காரர்களில் 24, முக்கால் மணி நேரம் ஓடியவர்களில் 54. மூன்று நாளிலிருந்து ஐந்து நாளுக்குப் போனதில் உடல்திறன் கொஞ்சம் கூடியது, காயம் மூன்று மடங்கானது. புதியவர்களைத் தினமும் ஓடச் சொல்லும் எந்தப் பயிற்சியாளரிடமும் இந்த எண்களைக் காட்டலாம்.

கிரவுண்டில் ஓடும் பையன்கள்

ஓட்டம் என்றதும் பத்திரிகைகள் பெசன்ட் நகர் கடற்கரைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும்தான் ஓடுகின்றன, நாமும் சேர்த்துத்தான். பளபளக்கும் ஷூ, இடுப்பில் தண்ணீர் பெல்ட், முடிந்ததும் ஃபில்டர் காபி. ஆனால் தமிழ்நாட்டில் தினமும் ஓடுகிறவர்களில் பெருங்கூட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. மாவட்டத் தலைநகரின் விளையாட்டரங்கில், அரசுப் பள்ளி மைதானத்தில், இன்னும் போக்குவரத்து தொடங்காத புறவழிச்சாலையில். காவலர் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் தயாராகும் பையன்கள், பெண்கள்.

காவலர் வேலைக்கு ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள். அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண். ஹில்லின் அதே ஒரு மைல்! அவருக்கு அது ஓய்வு, இவர்களுக்கு அது வாழ்க்கை. எழுத்துத் தேர்வு வரை மேசையை விட்டு எழுந்திருக்காதவர்கள், ‘பிசிக்கல்’ தேதி நெருங்கியதும் திடீரென்று காலை, மாலை இரண்டு வேளையும் ஓடத் தொடங்குவார்கள். தினமும் ஸ்டாப்வாட்ச் வைத்து முழு வேகம். ஞாயிறும் கிடையாது. ‘ஒரு நாள் விட்டா டைமிங் போயிடும்’ என்பது கிரவுண்டில் வேத வாக்கு. தேய்ந்துபோன கான்வாஸ் ஷூ அல்லது வெறுங்கால். மூன்றாவது, நான்காவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி தொடங்கும். தைலம் தடவி, க்ரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு ஓடுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெயிலில் வியர்த்துக் கொட்ட ஓடுவது சிறுநீரகத்துக்கு ஆபத்து என்பதை அந்தக் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார்.

ராணுவத்துக்கும் கால் எலும்புக்கும் உள்ள இந்தப் பகை பழையது. 1855இல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹவுப்ட், நெடுந்தூர அணிவகுப்புக்குப் பிறகு சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். அடிபடவில்லை, விழவில்லை, பிறகு ஏன் வீங்குகிறது என்பது அப்போது புரியவில்லை. எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்டபின் 1897இல்தான் அது பாத எலும்பில் விழுந்த விரிசல் என்று தெரிந்தது. இன்று அதற்கு ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்று பெயர், நம் ஆட்கள் ‘ஹேர்லைன் கிராக்’ என்பார்கள். ஒரே அடியில் உடைவதில்லை. ஆறவிடாமல் திரும்பத் திரும்ப அடி விழுவதால் உடைகிறது.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. முதல் இரண்டு, மூன்று வாரம் எக்ஸ்-ரேயில் இந்த விரிசல் தெரியாமலே போகலாம். ‘எக்ஸ்-ரே நார்மல், ஓடு’ என்று யாராவது சொல்லிவிட்டால், பையன் ஓடி முழு முறிவோடு வருவான். எம்.ஆர்.ஐ.யில் தெரியும், ஆனால் அதற்கான செலவை எல்லோராலும் தாங்க முடியாது.

காசில்லாமல் வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, முன்னெலும்பின் உள்பக்க விளிம்பைக் கட்டைவிரலால் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு அங்குலமாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். கையகலத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் அது எலும்பு உறையும் தசையும் இழுபட்ட வலி, சுமையைக் குறைத்தால் அடங்கும். ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள ஒரே இடத்தில், விரல் பட்டதும் துள்ளுகிற மாதிரி வலித்தால், சாதாரணமாக நடக்கும்போதும் இரவில் படுத்திருக்கும்போதும் அந்த இடம் விண்விண்ணென்று தெறித்தால், அது எலும்பின் குரல். அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். விரிசல் உறுதியானால் ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டமே கிடையாது. வாரத்தில் இரண்டு நாள் லீவு விட மனமில்லாதவருக்கு இரண்டு மாதம் லீவு.

பெண்களுக்கு இதில் கூடுதல் சுமை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிப் பேருக்கு மேல். எடை குறைக்க வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டு, தினமும் ஓடவும் செய்யும் பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகத் தொடங்கினால், உடம்பில் எரிபொருள் தட்டுப்பாடு என்று பொருள். ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பு அடர்த்தி குறைகிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதைத் தனிப் பிரச்சினையாக அறிவித்து, ஆண் வீரர்களுக்கும் வரும் என்று எச்சரித்தது. ‘ஓடறதால பீரியட்ஸ் வரல, அது சகஜம்’ என்று சொல்லும் பயிற்சியாளரிடமிருந்து உங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கென்யாக்காரர்கள் என்ன செய்கிறார்கள்?

‘கிப்சோகே தினமும்தானே ஓடுகிறார்?’ என்று கேட்பார்கள். உண்மைதான். கென்யாவின் கப்டகாட் முகாமில் எலியுட் கிப்சோகே வாரத்துக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பயிற்சி எடுத்தவர். 2022இல் பெர்லினில் 2:01:09 ஓடியபோது அவருடைய வேகம் கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 52 விநாடி. ஆனால் கடும் பயிற்சி நாள்களான செவ்வாய், வியாழன், சனி தவிர்த்த நாள்களில் அவர் ஓடும் எளிய ஓட்டங்களின் தொடக்கக் கிலோமீட்டர்கள் ஐந்து நிமிடத்தைத் தாண்டும். உலகின் அதிவேக மாரத்தான் வீரர்களில் ஒருவருக்குப் பக்கத்தில், அந்தச் சில நிமிடங்களுக்காவது, நம் கடற்கரை ஓட்டக்காரர்கள் பலரும் பேசிக்கொண்டே ஓடலாம். மாரத்தான் ஒன்றை முடித்தால் அவர் சில வாரங்கள் ஓட்டத்தைத் தொடுவதே இல்லை. பகலில் தூங்குவார். கென்யாவின் இட்டன் என்ற ஊர்ப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய்விட்டு ஓட்டத்துக்கு லீவு விடுவது பல ஓட்டக்காரர்களின் வழக்கம்.

இதற்கு எதிரான உதாரணமும் கென்யாவிலேயே இருக்கிறது, மறைப்பதற்கில்லை. 2023இல் சிகாகோவில் 2:00:35 ஓடி உலக சாதனை படைத்த கெல்வின் கிப்டும் வாரத்துக்கு 250 முதல் 280 கிலோமீட்டர் ஓடினார், வார ஓய்வே எடுப்பதில்லை என்று அவருடைய பயிற்சியாளரே சொன்னார். இப்படியே போனால் சில வருடங்களில் ஓய்ந்துவிடுவான் என்று கவலையும் பட்டார். அந்தக் கவலை சரியா தவறா என்று பார்க்கக் காலம் வாய்ப்பே தரவில்லை. 2024 பிப்ரவரியில், 24 வயதில், கிப்டும் கார் விபத்தில் இறந்துபோனார். லட்சத்தில் ஒருவருக்கு வாய்த்த உடம்பை எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்காரும் நம் உடம்புக்கு அளவுகோலாக வைக்க முடியாது என்பதோடு இதை விட்டுவிடலாம்.

எனக்குப் பிடித்த கதை வேறு. 1954 ஏப்ரல். மருத்துவ மாணவர் ரோஜர் பானிஸ்டர், ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடிவிட வேண்டும் என்று வெறியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். கால் மைல் ஓட்டம், சின்ன இடைவெளி, மறுபடி கால் மைல் என்று பத்து முறை. ஒவ்வொன்றும் 60 விநாடிக்குள் வர வேண்டும். வாரக்கணக்கில் முட்டி மோதியும் 61க்குக் கீழே இறங்க முடியவில்லை. பயிற்சியைக் கூட்டவில்லை. நண்பர் கிறிஸ் பிராஷரோடு காரில் ஸ்காட்லாந்துக்குப் போய் மூன்று நாள் மலையேறினார். ஓட்டத்தைத் தொடவில்லை. திரும்பி வந்து, சில நாள் கழித்து ஓடியபோது 59! மே 6ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் 3 நிமிடம் 59.4 விநாடியில் வரலாறு எழுதினார். அதற்கு முந்தைய சில நாள்களிலும் முழு ஓய்வுதான். கிரவுண்டில் ஸ்டாப்வாட்சோடு நிற்கும் அண்ணன்மார்கள் இந்தக் கதையைப் பையன்களுக்குச் சொல்ல வேண்டும்.

பானிஸ்டருக்கு அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பயிற்சி உடம்பை உடைக்கிறது, ஓய்வில்தான் பலன் வந்து சேருகிறது. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பில் பவர்மேன் என்ற பயிற்சியாளர் இதையே சட்டமாக வைத்திருந்தார்: இன்று கடுமை என்றால் நாளை இலகு. அவருடைய மாணவர்களில் சிலர் திருட்டுத்தனமாகக் கூடுதல் ஓட்டம் ஓடுவார்களாம். பிடிபட்டால் திட்டு விழும். நைக் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் இவர் என்பது உபரித் தகவல்.

விட்டால் போய்விடுமா?

ஓய்வு நாளுக்கு எதிரி சோம்பேறித்தனம் இல்லை, பயம். இரண்டு நாள் விட்டால் பழைய தொப்பை வந்துவிடும், வேகம் போய்விடும் என்ற பயம். 1984இல் வெளியான எட்வர்ட் காயிலின் ஆய்வில், நன்றாகப் பழகிய வீரர்கள் பயிற்சியை அடியோடு நிறுத்திய பிறகு, முதல் மூன்று வாரத்துக்குள் ஆக்சிஜன் பயன்படுத்தும் திறன் ஏறத்தாழ 7 சதவீதம் குறைந்தது. அடியோடு நிறுத்தி, மூன்று வாரம்! ஒரு ஞாயிறு தூங்கினால் ஒன்றும் போகாது.

சர்க்கரை நோயாளிகள் கேட்பது வேறு கேள்வி, அது நியாயமான கேள்வியும்கூட. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோயோடு வாழ்கிறார்கள். அவர்களில் பலரை ஓட வைத்ததே மருத்துவர்தான். உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் பலன் ஒன்றிரண்டு நாளுக்குமேல் நிற்காது. அதனால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்கக் கூடாது என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டல். ஓடக் கூடாது என்றால் அசையக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஓடாத நாளில் முக்கால் மணி நேரம் நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், கிணறோ குளமோ இருக்கிற ஊரென்றால் நீந்தலாம். எலும்புக்கு ஓய்வு, சர்க்கரைக்கு வேலை. இரண்டும் நடக்கும்.

நீண்ட ஆயுளுக்குத் தினமும் ஓட வேண்டுமா என்றால், தேவையில்லை. 55,137 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓடுபவர்களின் இறப்பு அபாயம் ஓடாதவர்களைவிட 30 சதவீதம் குறைவாக இருந்தது. இதய நோயால் இறக்கும் அபாயம் 45 சதவீதம் குறைவு. நாளுக்கு ஐந்து, பத்து நிமிடம் மெதுவாக ஓடியவர்களுக்கே கணிசமான பலன் இருந்தது. அடுத்த ஆண்டு வெளியான கோபன்ஹேகன் ஆய்வு, வாரம் இரண்டு மூன்று முறை நிதானமாக ஓடியவர்கள்தான் அதிக லாபம் அடைந்தார்கள் என்றது. வெறித்தனமாக ஓடுபவரும் ஓடாதவரும் ஒன்று என்றும் அதிலிருந்து ஒரு செய்தி உலகம் முழுவதும் பரவியது. அந்த வெறித்தனக் குழுவில் நிகழ்ந்தவை இரண்டே மரணங்கள். இரண்டு மரணத்தை வைத்து அவ்வளவு பெரிய தீர்ப்பு சொல்லியிருக்க வேண்டாம்.

வயதானவர்கள் கனடாவின் எட் விட்லாக்கைப் பார்க்கலாம். 2004இல், 73 வயதில் மாரத்தானை 2:54:48இல் முடித்தவர். வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி மணிக்கணக்கில், தேய்ந்த ஷூவோடு, மெதுவாக ஓடுவதே அவருடைய பயிற்சி. அது மட்டும் பிரபலமாகிவிட்டது. முழங்கால் வலித்தபோது அவர் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஓடாமல் இருந்திருக்கிறார். அது பிரபலமாகவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை குழு ஓட்டத்தில் சேர்ந்துகொண்டு, வாரமெல்லாம் 5 கிலோமீட்டர் ஓடுபவர் திடீரென்று 15 ஓடுவது நம் ஊரில் சாதாரணம். 5,200க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களை ஆராய்ந்து 2025இல் வெளியான ஆய்வு இதைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. கடந்த 30 நாளில் ஓடிய அதிகபட்சத் தூரத்தைவிட ஒரே ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டினால் காயத்துக்கான அபாயம் எகிறுகிறது, இரட்டிப்பாக்கினால் இன்னும் மோசம். அப்படி ஒரு ஞாயிறு ஓடிவிட்டுத் திங்கள் ஓய்வெடுத்துப் பயனில்லை. சேதாரம் ஞாயிறே முடிந்துவிட்டது.

தூக்கத்தை விட்டுவிட்டு ஓய்வைப் பற்றிப் பேசுவது வெட்டிப் பேச்சு. இரவு பன்னிரண்டரை வரை கிரிக்கெட்டோ வெப் சீரிஸோ பார்த்துவிட்டு, நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்து, கண் எரிச்சலோடு 10 கிலோமீட்டர் ஓடுகிறவர் வீரர் அல்ல. சென்னை வெயிலுக்குப் பயந்து விடியுமுன் ஓட வேண்டியிருப்பது உண்மைதான். அப்படியென்றால் ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும். முடியாத நாளில் ஓட வேண்டாம், தூங்குங்கள். எழுந்ததும் படுக்கையிலேயே நாடித் துடிப்பை எண்ணிப் பாருங்கள். வழக்கத்தைவிடப் பத்து கூடுதலாக இருந்தால், வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுகிறீர்கள் என்றால், பிடித்த தோசைகூட இறங்கவில்லை என்றால், அன்று ஷூ வாசலிலேயே இருக்கட்டும்.

சரி, எத்தனை நாள்தான் ஓடலாம்? ஓடத் தொடங்கி ஒரு வருடம் ஆகாதவர்கள் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஓடுங்கள், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். நாற்பதுக்கு மேல் தொடங்குபவர்களுக்கு வாரம் மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் கால் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி, மற்ற நாளில் நடை. இதய நோயோ சர்க்கரையோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். பல வருடம் பழகிய கால்களுக்கு ஐந்து, ஆறு நாள் தாங்கும். ஏழு நாளும் ஓடியே ஆவேன் என்றால், அதில் இரண்டு நாளாவது ஹில்லின் ஒரு மைல் போல வெட்கப்படும் அளவுக்கு மெதுவாக, குறைவாக இருக்கட்டும்.

பிசிக்கலுக்குத் தயாராகும் தம்பி, தங்கைகளுக்கு: நோட்டிபிகேஷன் வந்த அன்றே மெதுவான ஓட்டத்தைத் தொடங்கிவிடுங்கள், எழுத்துத் தேர்வு முடியும் வரை காத்திருக்க வேண்டாம். முழு வேக ஓட்டம் வாரத்துக்கு இரண்டு நாள் போதும். தேர்வுக்கு முந்தைய இரண்டு நாளும் ஓடாதீர்கள். முன்னெலும்பில் ஒரே இடத்தில் வலி குத்தினால், ஓடிக்காட்டி யாரிடமும் வீரத்தை நிரூபிக்க வேண்டாம். அரசு மருத்துவமனை எலும்பு நோய்ப் பிரிவில் ஓ.பி. சீட்டு வாங்கி, ‘தினமும் ஓடுகிறேன், இந்த இடத்தில் வலிக்கிறது’ என்று டாக்டரிடம் விரலை வைத்துக் காட்டுங்கள்.